பாட்டன், பூட்டன், எம்130

வானகரம். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி எழுந்துவிட்டது. மொய் எழுதும் மேசையில் இரண்டு பேர். ஒருவர் பணத்தை எண்ணுகிறார், ஒருவர் எழுதுகிறார். கவரை நீட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: “எந்த ஊரு, யாரு மகன்?” முதலில் ஊர், அடுத்து தகப்பன் பெயர், அப்புறம்தான் ஆளின் பெயர், கடைசியில் தொகை. பக்கம் பக்கமாக அந்த வரிசை மாறவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூர்விகம் உசிலம்பட்டிப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லேத் வேலைக்கு வந்த தலைமுறை, இங்கேயே மனை வாங்கித் தங்கிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா நண்பன் வழியில் எனக்கு மாமா முறை. இரண்டாவது பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், செல்போனை நீட்டினார்.

“மாப்ளே, நீ இதெல்லாம் எழுதுற ஆளு. உலகத்துல மொத மனுசன் நம்ம ஊர்க்காரன்தானாம்ல? உசிலம்பட்டிக்குப் பக்கத்துலயே கண்டுபுடிச்சுட்டாய்ங்களாம். நெசமா?”

பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திதான் அது. பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி உண்மை, மீதிக் கதையைவிடப் பெரியது. ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால், அன்று அவரிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

செய்தியின் வேர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நோயெதிர்ப்பியல் பேராசிரியரான ராமசாமி பிச்சப்பன், காசநோயும் தொழுநோயும் சிலரைத் தாக்கிச் சிலரை விட்டுவிடுவது ஏன் என்று மரபணுவில் தேடியவர். அதற்காக மதுரை வட்டாரத்து மக்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்து வந்தார். அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ், ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதர்கள் கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போனார்கள் என்றால், நடுவில் இருக்கும் இந்தியாவில் அவர்கள் காலடித் தடம் இருந்தாக வேண்டுமே என்று தேடிக்கொண்டிருந்தார். இரண்டு தேடலும் மதுரையில் சந்தித்தன. ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களிடம் காணப்படும் எம்130 என்ற அடையாளம், உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரின் ரத்தத்திலும் இருந்தது. வெல்ஸின் ‘தி ஜர்னி ஆஃப் மேன்’ ஆவணப்படம் 2003-ல் ஒளிபரப்பானபோது அந்த ஊரும் அந்த இளைஞரும் உலகம் முழுக்கத் தெரிந்தார்கள். 2005 ஏப்ரலில் நேஷனல் ஜியாகரபிக்கும் ஐபிஎம்மும் சேர்ந்து ‘ஜீனோகிராபிக்’ திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் இந்தியப் பொறுப்பும் பிச்சப்பனிடமே வந்தது.

இதுவரை எல்லாம் உண்மை. ‘உலகின் முதல் மனிதன்’ என்பது மட்டும் எவரும் சொல்லாதது. அது செய்தித்தாள் தலைப்பிலிருந்து டீக்கடைக்கும், டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப்புக்கும் போகிற வழியில் சேர்ந்துகொண்டது.

எம்130 என்றால் என்ன? உ.வே.சாமிநாதையரை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். ஓர் ஏட்டில் எழுதுபவர் ஓரிடத்தில் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டால், அதைப் பார்த்துப் படியெடுப்பவரும் அப்படியே எழுதுவார். அவர் தன் பங்குக்கு இன்னொரு பிழை சேர்ப்பார். அடுத்தவருக்கு இரண்டும் போகும். பாடபேதங்களை வரிசைப்படுத்தினால், எந்த ஏட்டுக்கு எது தாய் ஏடு என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

ஆணின் உடம்பில் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்படிப்பட்ட ஓர் ஏடு. அதில் சுமார் 6.2 கோடி எழுத்துகள். அதை ஓர் எழுத்து விடாமல் படித்து முடித்தது 2023-ல்தான். மற்ற குரோமோசோம்களில் அப்பா பங்கும் அம்மா பங்கும் தலைமுறைதோறும் குலுக்கிப் போடப்படும். ஒய் மட்டும் இரண்டு ஓரங்களைத் தவிர மற்ற இடமெல்லாம் கலக்காமல் அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குகிறது. எப்போதாவது படியெடுப்பில் ஓர் எழுத்து பிசகும். எப்போதாவது என்றால் எவ்வளவு? சீனாவில் ஒரே மூதாதையின் வழிவந்த இரண்டு ஆண்களை எடுத்து 2009-ல் ஓர் ஆய்வு நடந்தது. இருவருக்கும் நடுவே 13 தலைமுறை இடைவெளி. சுமார் ஒரு கோடி எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வழியில் மாறியிருந்தவை வெறும் 4. இத்தனை நிதானமாகப் பிசகுவதால்தான் அதைக் கடிகாரமாக வைத்துக் காலம் கணக்கிட முடிகிறது.

எம்130 அந்தப் பிசகுகளில் ஒன்று. சைட்டோசின் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் தைமின். அவ்வளவுதான். 50,000 ஆண்டுகளுக்கும் முன்னால், ஆசியாவில் எங்கோ, பெயர் தெரியாத ஒருவருக்கு அந்த மாற்றத்தோடு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு மற்றவர்களைவிடக் கண் கூர்மையோ கை வலிமையோ அதனால் வந்துவிடவில்லை. ஆனால் அவனுடைய ஆண்வழி அறுபடாமல் ஓடியது. அறிவியலாளர்கள் அந்தக் குடும்பத்துக்கு ‘சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குடும்பம் போன ஊர்களைப் பார்க்க வேண்டும்! ஒரு கிளை நியூகினி, ஆஸ்திரேலியா போய், அதில் ஒரு பிரிவு பல ஆயிரம் ஆண்டு கழித்துப் படகேறி பாலினேசியத் தீவுகளில் பரவியது. நியூசிலாந்தின் மாவோரி ஆண்கள் பலர் அந்த வழி. இன்னொரு கிளை வடக்கே ஏறி மங்கோலியர், கசாக்கியர் ஆகி, அங்கிருந்து வட அமெரிக்கா வரை போனது. ஒரு கிளை ஜப்பானில் இருக்கிறது. ஸ்பெயினில் லா பிரான்யா என்ற குகையில் கிடைத்த 7,000 ஆண்டுக்கு முந்தைய வேட்டைக்காரனின் எலும்பை 2014-ல் படித்தார்கள். கறுத்த தோல், நீலக் கண், ஆண்வழியில் ‘சி’. ரஷ்யாவில் கோஸ்டென்கி என்ற இடத்தில் புதைக்கப்பட்டு 37,000 ஆண்டுகளுக்கு மேலான மனிதனும் அதே ‘சி’. இந்தியாவில் தங்கிய கிளைக்கு எம்356 என்று தனிப் பிசகு உண்டு.

வடக்கே ஏறிய ‘சி’ கிளையில்தான் செங்கிஸ்கான் கதை வருகிறது. ஆசியாவின் பெரும்பரப்பில் 8 சதவீத ஆண்களிடம் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஒய் குரோமோசோம் இருப்பதாகவும், அது சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் மங்கோலியாவில் கிளம்பியிருப்பதாகவும் 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. உலகக் கணக்கில் சுமார் 1.6 கோடி ஆண்கள். செங்கிஸ்கானும் அவர் மகன்களும் பேரன்களும்தான் காரணம் என்று அப்போது நம்பப்பட்டது. 2018-ல் முழு குரோமோசோமையும் படித்த ஆய்வு, அந்த வழி செங்கிஸ்கானுக்கு முன்பே சாதாரண மங்கோலியர்களிடம் பரவிவிட்டது என்றது. கானின் கல்லறை இன்றுவரை கிடைக்கவில்லை. சரிபார்க்க எலும்பு இல்லை. புகழ்பெற்ற ஒருவரின் பெயரைக் கோடிப் பேரின் ரத்தத்தில் ஒட்டுவது எவ்வளவு சுலபம், கழற்றுவது எவ்வளவு சிரமம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, ஆஸ்திரேலியா உறவு? அதிலும் இரண்டு கட்சி இருந்தது. சுமார் 4,200 ஆண்டுக்கு முன்னால் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் ஆஸ்திரேலியா போய்க் கலந்தது என்று 2013-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழ் ஊடகங்கள் கொண்டாடின. ஆனால் 2016-ல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களின் ஒய் குரோமோசோமை முழுதாகப் படித்தபோது வேறு பதில் வந்தது. அவர்கள் வழியும் இந்திய வழியும் பிரிந்து சுமார் 54,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆண்வழியில் சமீபத்திய வருகைக்குச் சான்று இல்லை. ஆக, ஜோதிமாணிக்கத்து ஆளும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஆளும் பங்காளிகள்தான். பாகம் பிரிந்து ஐம்பதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட பங்காளிகள். ஒருவர் இன்னொருவருக்குப் பாட்டன் இல்லை.

‘முதல் மனிதன்’ என்ற பேச்சு உடைவதும் இங்கேதான். எம்130 ஆண்வழி மரத்தில் ஒரு கிளை. அடிமரம் ஆப்பிரிக்காவில். அமெரிக்காவின் தென் கரோலினாவில் வாழ்ந்து மறைந்த ஒரு கறுப்பினத்தவரின் ஒய் குரோமோசோமை, குடும்ப வரலாறு தேடிய உறவினர் ஒருவர் பரிசோதனைக்குக் கொடுத்தார். மரத்தின் எந்தக் கிளையிலும் அது பொருந்தவில்லை. 2013-ல் வெளியான ஆய்வில், கேமரூனின் ம்போ மக்களிடம் அதன் உறவு கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உயிரோடிருக்கும் எல்லா ஆண்களின் வழியும் ஒன்றுகூடும் இடத்தை அது இரண்டரை லட்சம் ஆண்டுக்கும் பின்னே தள்ளிவிட்டது. உலகின் ஆண்வழிகளில் நாம் அறிந்த மிகப் பழையது அதுதான்.

ஜோதிமாணிக்கத்தின் பெருமை இதனால் குறைந்துவிடவில்லை. இந்தத் துணைக்கண்டத்துக்கு வந்த தொடக்ககால மனிதர்களின் தடம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் அழியாமல் இருந்தது என்பதே போதும். அதிலும் எந்த மண்ணில் இருந்தது என்று பாருங்கள். பிரமலைக் கள்ளர் நாட்டில் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் கைரேகைச் சட்டம். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்று அரசாங்கம் எழுதி வைத்த மக்கள் அவர்கள். எண்பது ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இவர்கள் வழி 50,000 ஆண்டுப் பழமை என்று அறிவியல் சொன்னபோது அந்த ஊர்க்காரர்கள் நெஞ்சு நிமிர்த்தியதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்தச் செய்தியை ஒரு சாதியின் பட்டயமாக மாற்றியவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. பிச்சப்பன் குழுவின் பெரிய ஆய்வு 2012-ல் வெளியானது. தமிழ்நாட்டில் 12 பழங்குடிக் குழுக்கள், 19 பிற சமூகங்கள், மொத்தம் 1,680 ஆண்கள். இந்த மண்ணில் இவ்வளவு விரிவாக ஆண்வழியை அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை. கிடைத்தது என்ன? ஒரு சாதிக்கு ஒரு வழி என்று எங்கும் இல்லை. ஹெச், எஃப், எல்1, ஆர்2, ஆர்1ஏ, சி என்ற ஆறு பெருவழிகள் சேர்ந்து 81 சதவீதம். மலையில் தேன் எடுப்பவரிடமும் சமவெளியில் ஏர் ஓட்டுபவரிடமும் இவை வெவ்வேறு அளவில் கலந்து கிடக்கின்றன. குழுக்களுக்கு இடையே தெரிந்த வேறுபாடு பெரும்பாலும் பிழைப்பு முறையை ஒட்டியது. அந்தப் பிரிவு 4,000 முதல் 6,000 ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது என்றும், கடந்த 3,000 ஆண்டில் கலப்பு மிகக் குறைவு என்றும் ஆய்வு சொன்னது. வருண அடுக்கு வருவதற்கு முன்பே வேளாண்மை நம்மைத் தனித்தனிக் கூட்டமாக்கியிருக்கிறது.

அந்த ஆய்வு சொன்ன எல்லாமே அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்1ஏ-வையும் இந்த மண்ணில் தோன்றிய வழியாகவே அது எண்ணியது. பழைய எலும்புகளிலிருந்து மரபணு எடுக்கும் வித்தை வந்தபின் படம் மாறியது. 2019-ல் நரசிம்மன் உள்ளிட்ட பெருங்குழு வெளியிட்ட ஆய்வுப்படி, மத்திய ஆசியப் புல்வெளி மக்கள் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் தெற்காசியாவுக்குள் வந்தார்கள்; இந்தியாவின் ஆர்1ஏ பெரும்பாலும் அவர்கள் வழி. எதிர்த் திசையிலும் பயணம் உண்டு. ‘ஹெச்’ குடும்பத்தின் ஒரு கிளை வடமேற்கு இந்தியாவிலிருந்து ரோமா மக்களோடு ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. ஐதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தில் தமிழரான குமாரசாமி தங்கராஜ் குழு அதைத் தொடர்ந்தது. அந்தமான் ஓங்கே, ஜாரவா மக்களின் தொன்மையான ‘டி’ வழியைப் படித்ததும் அவர் குழுதான்.

சிந்துவெளி ஆண்வழி? ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் முயன்று, ஒன்றே ஒன்றில் மரபணு கிடைத்தது. நம் வெயிலும் ஈரமும் எலும்பைத் தின்றுவிடுகின்றன. கிடைத்த அந்த ஒன்றும் ஒரு பெண். பெண்ணுக்கு ஒய் இல்லை. 2019-ல் அந்த முடிவு வந்தபோது, தந்தைவழி பற்றிய கேள்வி மட்டும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. கீழடி, கொந்தகைத் தாழிகளின் எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வகம் படிக்கிறது என்பதால் நான் அந்தப் பக்கம் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி வானகரத்துக்கு வருகிறேன். மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், வானகரம்–அம்பத்தூர் சாலை கூவத்தைக் கடக்கிறது. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து வருகிற கூவம். அந்தக் கொசஸ்தலைப் படுகையில், சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் பூண்டிக்குப் பக்கம் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் அங்கே போனார். 1999 முதல் சாந்தி பப்புவும் அகிலேஷும் அங்கே தோண்டி, 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கோடரிகளை 2011-ல் உலகுக்குக் காட்டினார்கள். 2018-ல் அதே குழியில் இன்னும் நுணுக்கமான கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்று கணக்கிட்டார்கள்.

பூண்டி அருங்காட்சியகத்தில் அந்த வகைக் கல்லைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அளவு, இரண்டு பக்கமும் செதுக்கி முனை கூராக்கியது. பிடிக்கும் இடம் மழமழப்பாக இருக்கிறது. அதைச் செய்த கையின் எலும்பு கிடைக்கவில்லை. அந்தக் கை யாருடைய பாட்டனின் கை? நம் எல்லா ஆண்வழியும் ஆப்பிரிக்காவில் போய்ச் சேர்கிறது என்றால், 15 லட்சம் ஆண்டுக்கு முன் இங்கே கல் செதுக்கியவன் நம் ஆண்வழிப் பாட்டன் அல்ல. நமக்கு முன்பே இந்த ஊரில் குடியிருந்தவன். வானகரத்துக்கு நாம் எல்லோருமே பின்னால் வந்தவர்கள்தான்.

மரபணுவில் படிந்திருக்கும் இன்னொரு செய்தி என்னை வெகுநாள் தூங்கவிடாமல் செய்தது. 5,000 முதல் 7,000 ஆண்டுக்கு முன் உலகெங்கும் ஆண்வழிகள் திடீரென்று அறுபட்டுப்போனதை 2015-ல் கண்டார்கள். சந்ததி விட்ட பெண்கள் 17 பேர் என்றால், ஆண் ஒருவர். பெண்வழியில் அப்படி ஒரு சரிவே இல்லை. பஞ்சமோ கொள்ளைநோயோ ஆணை மட்டும் பார்த்துக் கொல்லாது. 2018-ல் ஒரு குழு சொன்ன விளக்கம்: ஆண்வழிக் குலங்களாகக் கூடி வாழ்ந்த காலம் அது. குலத்துக்கும் குலத்துக்கும் சண்டை. தோற்ற குலத்தில் எல்லா ஆணும் ஒரே வழி என்பதால், குலம் அழிந்தால் அந்த வழி அப்படியே துடைக்கப்பட்டுவிடும். பங்காளிகள் சேர்ந்து நிற்பதன் பலத்தையும் அதன் விலையையும் இதைவிடக் கண்கூடாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் மாசி சிவராத்திரிக்கு ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெட்டி தூக்கிப் போகிறவர்களைக் கேளுங்கள். யார் யார் ஒரே பங்காளி, யாருக்கு எந்தப் பெட்டி முறை என்று தடங்கலில்லாமல் சொல்வார்கள். எழுத்தில் இருப்பதைவிட ஆழமான ஞாபகம் அது. ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் தகப்பன் வழியில் ஒட்டிக்கொண்டே வருகிறது. இங்கிலாந்தில் ஒரே குடும்பப் பெயருள்ள ஆண்கள் பலருக்கு ஒய் குரோமோசோமும் ஒத்துப்போவதை 2000-ல் பிரையன் சைக்ஸ் காட்டினார். நமக்கு இனிஷியல்தான். ஒரு தலைமுறையோடு அந்த எழுத்து மாறிவிடும். எனவே நாம் குலதெய்வக் கோயிலில் ஞாபகத்தைச் சேமித்தோம்.

ஆனால் அந்த ஞாபகம் ஒரே ஒரு கோடு. பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். அத்தை மகள், மாமன் மகள் என்று முறை வைத்துக் கட்டுகிற நம் வழக்கத்தில் ஒரே ஆள் பல இடங்களில் வருவார் என்றாலும் கூட்டம் பெரியதுதான். ஒய் குரோமோசோம் அந்த 1,024-ல் ஒருவருடைய கதை. எம்130 இருக்கிறது என்றால் அந்த ஒருவர் வழி தெரிகிறது. மீதி 1,023 பேர் எங்கிருந்து வந்தார்கள், என்ன ஆனார்கள் என்பதை அது சொல்லாது. ஜோதிமாணிக்கத்து இளைஞருக்கும் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பொதுவானவர்களோ! பக்கத்து வீட்டுக்காரரிடம் எம்130 இல்லை என்பதற்காக அவர் பின்னால் வந்தவர் ஆகிவிட மாட்டார்.

இதை இவ்வளவு விரிவாக இல்லாவிட்டாலும் மாமாவிடம் சொன்னேன். அவர் பாயசத்தைக் கையில் வழித்துக்கொண்டே கேட்டார். பந்தி முடிந்து கை கழுவி வந்ததும் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளையின் அப்பா, தாத்தா, பூட்டன் வரை அச்சடித்திருந்தது.

“அதுக்கும் மேல நாலு தலைமுறை எனக்குத் தெரியும் மாப்ளே. கோயில்ல சொல்லுவாக.”

“உங்க அம்மாச்சியோட அப்பா பேரு என்ன மாமா?”

அவர் யோசித்தார். பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேளக்காரர்கள் கட்டி முடித்துக் கிளம்பும் சத்தம். பிறகு செல்போனை எடுத்து ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

“என்னடா, கல்யாண வீட்ல இருந்து இதப் போய்க் கேக்குற?”

“சொல்லுக்கா. அம்மாச்சியோட அய்யா பேரு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இருடா, சின்னாத்தா திண்ணையிலதான் இருக்கு. கேட்டுட்டு வாரேன். வச்சிராத.”